உயிலில் அருங்காட்சியகத்துக்கும் ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் நிற்கும் சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனி, கோரா டிம்கென் பர்னெட் என்பவர் உயில்வழி அளித்தது என்று அதன் குறிப்பு கூறுகிறது. (அது எவ்வாறு கடல் கடந்தது என்பது தனியே கேட்கப்பட வேண்டிய கேள்வி.) பணமாக எழுதிவைக்கப்படும் கொடையின் வலிமை வேறு. ரயில் என்ஜின் தயாரிப்பாளரான ஜேக்கப் ரோஜர்ஸ் 1901-ல் இறந்தபோது, ஏறத்தாழ 50 லட்சம் டாலரை அதே அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றார். முதல் தொகையைத் தொடாமல், அதன் வருமானத்தைக் கொண்டு மட்டும் கலைப்பொருள்களும் நூல்களும் வாங்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனையாதலால், அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் வாங்கப்பட்டவற்றின் கீழும் 'ரோஜர்ஸ் நிதி' என்ற வரியைக் காணலாம். கோயிலில் அணையாத நந்தா விளக்கெரிக்கச் 'சாவா மூவாப் பேராடு' (எண்ணிக்கை குறையாமல் பேணப்பட்டு, விளக்குக்கு நெய் தரும் ஆட்டு மந்தை) விட்டதைச் சொல்லும் நம் சோழர் காலக் கல்வெட்டுகளின் கணக்கும் இதுவே.

அமெரிக்காவில் இத்தகைய கொடைக்கு மரபுரிமைச் சொத்து வரியில் விலக்கு உண்டு. இந்தியாவில் அவ்வரியே 1985-ல் நீக்கப்பட்டுவிட்டதால், அந்தத் தூண்டுதல் இங்கே இல்லை. ஆகவே எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போன்றவை, முதல் தொகையில் கைவைக்காத அறக்கட்டளை நிதியொன்றை ஏற்படுத்தி, உயிலில் சேர்ப்பதற்கான மாதிரி வாசகத்தையும் ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கையும் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.