இளக வைக்கும் சொல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்திருக்கிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

வீட்டை விற்றதில் கோபமாக இருக்கும் அண்ணனை எப்படியாவது 'மாலிஃபை' பண்ண வேண்டும் என்று எழுதிவிட்டு, அந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான அர்த்தம் என்ன, 'பிளகேட்', 'அப்பீஸ்' எல்லாம் அதேதானா என்றும் கேட்டிருந்தாய். அகராதியில் பார்த்தால் மூன்றுக்கும் கோபத்தைத் தணிப்பது என்றுதான் இருக்கும். ஆனால் பிறந்த இடம் வேறு வேறு.

மாலிஃபை லத்தீனிலிருந்து வந்தது. 'மோல்லிஸ்' என்றால் மென்மையானது. அதோடு 'செய்' என்னும் வினை சேர்ந்து, மென்மையாக்குவது என்று ஆனது. ஓட்டுக்குள் வாழும் நத்தை, சிப்பி இனத்தை 'மொலஸ்கா' என்கிறோமே, அதுவும் இந்த வேரில் முளைத்ததுதான். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கோபத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இறுகிய பொருளை இளக்குவதைத்தான் குறித்தது. வைத்தியத்திலும் புழங்கிய சொல் இது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், ஏசாயா முதல் அதிகாரத்தில், களிம்பிட்டு ஆற்றாத புண்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. நமக்கும் புண்ணும் ஆறுகிறது, கோபமும் ஆறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

பிளகேட்டும் லத்தீன்தான். மகிழ்விப்பது என்ற சொல்லுக்கு அது உறவு. மருந்தே இல்லாத மாத்திரையை 'பிளசீபோ' என்கிறார்களே, அதுவும் அந்தக் குடும்பம்.

அப்பீஸ் என்பதற்குள் இருப்பது சமாதானம். பழைய பிரெஞ்சில் அமைதிக்கு இருந்த சொல்லிலிருந்து வந்தது. நல்ல சொல்தான், ஆனால் 1938 செப்டம்பரில் மியூனிக்கில் அதன் பெயர் கெட்டது. பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினும் மற்றவர்களும் ஹிட்லரைச் சமாதானப்படுத்த செக்கோஸ்லோவாக்கியாவின் சுடெடன் பகுதியைத் தூக்கிக் கொடுத்தார்கள், அதுவும் அந்த நாட்டைப் பேச்சில் சேர்க்காமலே. அடுத்த மார்ச்சில் ஜெர்மன் படை அந்த நாட்டின் தலைநகரான பிராகுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே, மிரட்டுபவனுக்கு விட்டுக்கொடுப்பதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

சரி, உன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பங்கிலிருந்து கொஞ்சம் அவருக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் சேகர். அவர் பணம் கேட்கவில்லையே. வீட்டை விற்கும்போது தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அவருக்கு உள்ளே கட்டிப்போய்க் கிடக்கிறது. பணத்தைக் கொடுத்தால் அவரை வாயடைக்கப் பார்ப்பதாகத்தான் நினைப்பார். இனிக்க இனிக்கப் பேசினாலும் அன்றைய பொழுதோடு சரி. அவர் சொல்வதை முழுக்கக் கேள், நடுவில் நியாயம் பேசாதே. கேட்காமல் விற்றது தப்பு என்று நீயே முதலில் சொல்லிவிடு. ஒரே நாளில் இளகமாட்டார், அவர் சுபாவம் எனக்கும் தெரியும். மறுபடியும் போ.

ஞாயிற்றுக்கிழமை போகப்போவதாக எழுதியிருக்கிறாய். கூட யாரையும் அழைத்துப் போகாதே, பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். போய்வந்ததும் என்ன பேசினார் என்று உடனே எழுது. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
ராமு