முற்றத்தில் சரி, உள்ளே கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நாவல்களில் வரும் தனிமை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937) வருமிடத்தில், அந்தக் கலிபோர்னியப் பண்ணையில் எல்லாருமே தனியாட்கள்தான், கறுப்பினத்தவனான குரூக்ஸும் அவர்களில் ஒருவன் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு அதில் சம்மதமில்லை.

மற்றவர்கள் ஊர் ஊராய்க் கூலிக்கு அலைகிறவர்கள். குரூக்ஸ் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிலையாக இருப்பவன். தூக்கிக்கொண்டு போக முடியாத அளவுக்குச் சாமான் சேர்ந்திருக்கிறது: நாலைந்து செருப்பு, பெரிய அலாரம் கடிகாரம், துப்பாக்கி, கிழிந்த அகராதி. மற்றவர்கள் ஒரே கொட்டகையில் படுக்க, அவனுக்கு மட்டும் லாயத்தை ஒட்டித் தனி அறை. தனி அறை இருப்பது நல்லதுதானே என்று கிழவன் கேண்டி கேட்கிறான். ஜன்னலடியில் எருக்குவியலும் இருக்கிறதே, பிரமாதம்தான் என்கிறான் குரூக்ஸ். இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் கேண்டி வருவது அன்றுதான் முதல் தடவை.

பகலில் முற்றத்தில் லாடம் எறிந்து விளையாட அவனைச் சேர்த்துக்கொள்வார்கள். அதில் அவன்தான் சூரன். இருட்டியதும் உள்ளே போய்ச் சீட்டாடுவார்கள். அப்போது மட்டும் அவன் நாறுவான்.

அவனிடம் 1905-ஆம் வருஷத்துக் கலிபோர்னியா சிவில் சட்டப் புத்தகம் ஒன்றும் நைந்து கிடக்கிறது. இது என் அறை, உள்ளே வர உனக்கு உரிமை இல்லை என்று வெள்ளந்தியான லென்னியிடம் அவன் சொல்வது அந்தப் புத்தகத்தின் பேச்சு. அப்புறம் மனமிரங்கி உட்கார வைக்கிறான். ஆனால் பேச ஆள் கிடைத்ததும் என்ன செய்கிறான்? உன் கூட்டாளி திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய் என்று அந்த அப்பாவியையே மிரட்டிப் பார்க்கிறான். எனக்கு அவன்மேல் கோபம் வந்த இடம் அது, பாவமும் அங்கேதான் வந்தது. முதலாளியின் மருமகள் வந்தபோதும் உரிமை பேசுகிறான். உன்னை மரத்தில் தொங்கவிடச் செய்வது எனக்குச் சுலபம் என்கிறாள் அவள். சட்டப் புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது. “சரிங்கம்மா” என்பதற்கு மேல் அவனுக்குப் பேச்சு எழவில்லை.

நான் கேரளத்துச் சித்தூர் தாலுகாக்காரன், தமிழ் பேசுகிற வீடு. கல்லூரி விடுதியில் என்னைப் ‘பாண்டி’ என்றார்கள், தமிழர்களை மலையாளிகள் கேலியாகச் சொல்வது அது. வாலிபாலுக்குக் கூப்பிடுவார்கள், ராத்திரி அறையில் கூடிப் பேசும்போது கூப்பிட மாட்டார்கள். அந்தக் குறையை ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் குரூக்ஸைப் படித்தபோது நினைவுக்கு வந்தது விடுதி இல்லை, எங்கள் தென்னந்தோப்பு.

நிறமும் சாதியும் ஒன்றில்லை, தெரியும். பழைய கதை என்று தள்ளவும் முடியவில்லை. எங்கள் தாலுகாவிலேயே, முதலமடை கோவிந்தாபுரம் காலனியின் தலித் மக்களுக்கு டீக்கடையில் தனி டம்ளர் என்ற புகார் 2017-ல்தானே பத்திரிகைகளில் வந்தது. எங்கள் தோப்பில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர் ஒருவர். பொங்கலுக்கு வேட்டி கொடுப்போம், ‘நம்ம வீட்டு ஆளு’ என்போம். களத்தில் அப்பாவும் அவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. நான் அவர் வீட்டுக்குப் போனதும் இல்லை. மாட்டுக்கொட்டகை இறவானத்தில் அவருடைய டம்ளர் செருகியிருக்கும். காப்பி குடித்ததும் அவரே கழுவி, அவரே செருகிவிட்டுப் போவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்