டேங்கில் இருக்கும் நான்கு கருக்களைப் பற்றி ஒரு திறந்த மடல்

கருத்தரிப்பு மையங்களை நடத்தும் மருத்துவர்களுக்கும், ஆய்வகத்தில் எங்கள் கருக்களைப் பார்த்துக்கொள்ளும் எம்பிரியாலஜிஸ்ட்டுகளுக்கும், ஒப்புதல் படிவங்களுக்கு வாசகம் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

குழந்தைக்கான சிகிச்சையில் மிஞ்சி, டேங்கில் உறைய வைத்திருக்கும் எங்கள் நான்கு கருக்களைப் பற்றி, ஆண்டுக்கு ஒரு முறை மையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். அதில் நான்கு கட்டங்கள் இருக்கும். சேமிப்பைத் தொடரலாம், வேறொரு தம்பதிக்குத் தானம் தரலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம், அப்புறப்படுத்தலாம். ஏதாவது ஒன்றில் டிக் போட்டு, கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஐந்து ஆண்டுகளாக முதல் கட்டத்தில்தான் டிக் போட்டு வருகிறோம். யோசித்து எடுத்த முடிவு அல்ல. மற்ற மூன்றில் எதற்கும் கை போகவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆண்டுக் கடிதம் மேசை மேல் கிடக்கிறது. அதற்குப் பதில் அனுப்புவதற்கு முன்னால் உங்களுக்கு இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. கோபத்தில் எழுதவில்லை. உங்களைப் போன்றவர்களால்தான் எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அந்த நன்றி குறையாமல்தான் கேட்கிறேன்.

முதலில் எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 14 கருமுட்டைகள் எடுத்தார்கள். 11 கருவுற்றன. ஐந்தாம் நாள் வரை வளர்ந்தவை 6. அதில் ஒன்றை உடனே கருப்பையில் வைத்தார்கள், தங்கவில்லை. மீதி ஐந்தையும் உறைய வைத்தார்கள். ஏழு மாதம் கழித்து அதிலிருந்து ஒன்றை எடுத்து வைத்ததில் பிறந்தவள்தான் என் மகள். மீதி நான்கு.

ஒப்புதல் படிவம் என் கைக்கு வந்தது, முட்டைகள் வளர்வதற்கான ஊசி போட ஆரம்பித்த அன்று காலையில். அப்போதுதான் ரத்தம் எடுத்திருந்தார்கள். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டேன். எங்கெங்கே போட வேண்டும் என்று நர்ஸ் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். 'எஞ்சும் கருக்கள்' என்ற பக்கம் வந்ததும் நிறுத்தி, "மீதி ஆனால் என்ன செய்வது?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மா, இப்போ ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வெளியே வரிசையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. ஒன்று கூடக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவளுக்கு 'மீதி' என்பது யாருக்கோ நடக்கிற விஷயம்.

அந்த 'அப்புறம்'தான் இப்போது ஆண்டுதோறும் தபாலில் வருகிறது.

இந்தக் கேள்வி எங்களோடு தொடங்கியதல்ல என்பது எனக்குத் தெரியும். 1978இல் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தாள். உறைய வைத்த கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை 1984இல் மெல்பர்னில் பிறந்தது. அதே ஊரில் இரண்டு கருக்களை உறைய வைத்துவிட்டுப் போன ஒரு தம்பதி அதற்கு முந்தைய ஆண்டே விமான விபத்தில் இறந்துபோனார்கள். அந்தக் கருக்களை என்ன செய்வது, பிறந்தால் அவற்றுக்குச் சொத்தில் பங்கு உண்டா என்று உலகமே விவாதித்தது. பிரிட்டனில் 5 ஆண்டுதான் சேமிக்கலாம் என்று சட்டம் இருந்தபோது, 1996இல் கெடு முடிந்து சுமார் 3,300 கருக்கள் அழிக்கப்பட்டன. அவற்றுக்கு உரியவர்களில், பலமுறை கடிதம் எழுதியும் பதில் வராத தம்பதிகள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். முன்பெல்லாம் இதைப் படித்தால், இத்தனை பேர் பதில் போடாமல் எப்படி இருந்தார்கள் என்று கேட்டிருப்பேன். இப்போது கேட்க மாட்டேன்.

நீதிமன்றங்களும் திணறித்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் டென்னசியில் விவாகரத்தான ஒரு தம்பதிக்கு ஏழு கருக்கள் மிஞ்சியிருந்தன. கீழ் நீதிமன்றம் அவற்றைக் குழந்தைகள் என்று கருதித் தாயிடம் ஒப்படைத்தது. வழக்கு மேலே போய், 1992இல் மாநில உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது: இவை ஆட்களும் அல்ல, சொத்தும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் தனி மதிப்புக்குரியவை. கடைசியில், தகப்பனாக விரும்பாத கணவரின் பக்கம் தீர்ப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம் எதிர்த் திசையில் போனது. ஒரு மருத்துவமனையில் யாரோ ஒரு நோயாளி சேமிப்பறைக்குள் நுழைந்து உறைகருக்களைக் கையால் எடுத்திருக்கிறார், குளிர் சுட்டதும் கீழே போட்டுவிட்டார். அவற்றுக்கு உரிய தம்பதிகள் தொடுத்த வழக்கில், பிள்ளையின் இறப்புக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அந்தக் கருக்களும் குழந்தைகளே என்றது நீதிமன்றம். உடனே அங்கே பல மையங்கள் ஐவிஎஃப் என்னும் சோதனைக் குழாய்ச் சிகிச்சையை நிறுத்தின. ஊசி போட்டுக்கொண்டு பாதி வழியில் நின்ற பெண்களை நினைத்து அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சில வாரங்களில் மையங்களுக்குப் பாதுகாப்புத் தந்து புதுச் சட்டம் போட்டார்கள்.

ஆனால் அந்த வழக்கைத் தொடுத்த தம்பதிகளையும் நான் நினைத்துக்கொள்கிறேன். கரு வெறும் பொருள் என்றால், அவர்கள் இழந்தது கை தவறி உடைந்த ஒரு கண்ணாடிச் சாமானுக்குச் சமம் ஆகிவிடும். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

சரி, பொருள் இல்லை என்றால் குழந்தையா? இதை எனக்கு நானே பல இரவுகள் கேட்டுப் பார்த்துவிட்டேன். என் மகளும் அதே டேங்கில், அதே மைனஸ் 196 டிகிரியில், ஏழு மாதம் இருந்தவள். அன்று வேறொரு ஸ்ட்ராவை, அதாவது கருவை வைத்திருக்கும் மெல்லிய குழாயை, எடுத்திருந்தால் இவள் இன்னும் அங்கேயே இருந்திருப்பாள். இவள் பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நான்கும் வெறும் செல்கள்தான் என்று சொல்ல வாய் வருவதில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. கருவுற்ற 11இல் 5 கிண்ணத்திலேயே வளர்ச்சி நின்றுபோயின. அதைப் போனில் சொன்னபோது "ஆறு தேறியதே" என்று நானும் என் கணவரும் சந்தோஷப்பட்டோம். அந்த ஐந்துக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. குழந்தைகள் என்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தால் அப்படி இருந்திருப்பேனா? இயற்கையாகக் கருவுறும்போதும் பெரும் பகுதி, தாய்க்கே தெரியாமல் கலைந்து போகிறது. முதல் இரண்டு வாரம் வரை ஒரு கரு இரட்டையாகப் பிரியவும் கூடும். ஒருவரா இருவரா என்பதே முடிவாகாத நிலை அது. தத்துவவியலாளர் மேரி வார்னாக் தலைமையிலான அரசுக் குழு 1984இல் பிரிட்டனில், 14 நாளுக்கு மேல் கருவை ஆய்வகத்தில் வளர்த்து ஆராயக் கூடாது என்று எல்லை சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் கதைக்கும் 'கரு' என்றுதான் சொல்கிறோம். கதையின் கரு கதை ஆகாது. எழுதி முடிக்கும்வரை அதில் ஆள் இல்லை, பேச்சு இல்லை, முடிவும் இல்லை. அதற்காக அதைக் கசக்கிப் போட்ட காகிதம் என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். எழுதாமலே விட்டுவிடும் உரிமை அதைச் சுமந்தவருக்கு உண்டு. விட்டதை நினைத்து வருந்தும் உரிமையும் உண்டு. எனக்கு எட்டிய பதில் இவ்வளவுதான். கருவுற்ற நொடியிலேயே அது முழு மனித உயிர் என்று நம்புகிறவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் லேசாக நினைக்கவில்லை. அவர்களிலும் பலர் உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே படிவத்தைத்தான் நீட்டுகிறீர்கள்.

போன ஆண்டு, 'அப்புறப்படுத்தல்' என்றால் சரியாக என்ன செய்வீர்கள் என்று எங்கள் மையத்தின் எம்பிரியாலஜிஸ்ட்டிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். டேங்கின் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழியும். ஸ்ட்ராவை இடுக்கியால் தூக்கி, அதன் மேல் எழுதியிருக்கும் பெயரையும் எண்ணையும் ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் ஃபைலில் சரிபார்ப்பார். அப்புறம் அதை மேசை மேல் வைத்துவிடுவார்கள். கருவை உயிர்ப்பிக்கும் கரைசல் எதுவும் சேர்க்காமல், அறை வெப்பத்தில் அது தானாக உருகிவிடும். கடைசியில் மருத்துவக் கழிவுப் பெட்டி. "எத்தனை வருஷமா செய்யறேன், அன்னைக்கு மட்டும் யார்கிட்டயும் பேசப் பிடிக்காது" என்றார் அவர். யாரும் என்னிடம் அதுவரை இவ்வளவு நேராகப் பேசியதில்லை. கேட்டபிறகு மனசு பாரமாகவில்லை, கொஞ்சம் தெளிந்தது.

தானம் பற்றியும் யோசித்தோம். என் மகளோடு கூடப் பிறந்தவர்கள் எங்கோ வேறொரு வீட்டில், அவளைப் போலவே முகத்தோடு வளர்வார்கள். சிலருக்கு அது பெரிய நிறைவு. என்னால் முடியவில்லை. என் கணவருக்கு ஆராய்ச்சியில் மனம் இருந்தது. 1998இல் மனிதக் கருவின் ஸ்டெம் செல்களை, அதாவது உடலின் பலவகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்களை, முதன்முதலாகப் பிரித்தெடுத்தது ஐவிஎஃப்பில் மிஞ்சிய கருக்களிலிருந்துதான் என்று அவர் படித்திருந்தார். அதில் டிக் போட்டால் எங்கே போகும் என்று விசாரித்தோம். இப்போதைக்கு எந்த ஆராய்ச்சி நிறுவனமும் எங்களோடு தொடர்பில் இல்லை என்று பதில் வந்தது. ஐந்து ஆண்டுகளாக அந்தக் கட்டம் படிவத்தில் இருக்கிறது. போக வழியில்லாத கதவைப் படிவத்தில் வரையாதீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வழியை ஏற்படுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கை. கருவை என்ன செய்வது என்று எல்லோரும் விவாதிக்கிறோம். எத்தனை உருவாக்குவது என்று எங்களிடம் யாருமே கேட்கவில்லை. அதைச் சட்டத்துக்கு விட்டுவிடக் கூடாது என்பதும் என் கருத்து. இத்தாலி 2004இல் மூன்றுக்கு மேல் உருவாக்கக் கூடாது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டது. பெண்களின் உடல்நலத்துக்கு அது கேடு என்று சொல்லி 2009இல் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே அந்த வரம்பை நீக்கியது. சரியான தீர்ப்பு. வயது கூடிய பெண்ணுக்கு 11 கருவுற்றாலும் ஒன்று தேறுவது கடினம், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என் வயதுக்கும் ரிப்போர்ட்டுக்கும் எத்தனை போதும் என்று உங்களால் ஓரளவு சொல்ல முடியும். பாதி முட்டைகளைக் கருவுறச் செய்யாமல் முட்டையாகவே உறைய வைக்கும் வழியும் இன்று இருக்கிறது. அதில் வாய்ப்பு கொஞ்சம் குறையலாம். குறையட்டும் என்று சொல்கிற தம்பதிகளும் இருப்பார்கள், எல்லாவற்றையும் கருவாக்குங்கள் என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள். நாங்கள் எதைச் சொல்லியிருப்போம் என்று இப்போது யோசித்தால் எனக்கே தெரியவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தக் கேள்வியை ஊசி தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னால், பஞ்சும் ஃபைலும் இல்லாத ஒரு நாளில், இருவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். அரை மணி நேரம் போதும். குழந்தை பிறந்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள். பிள்ளை இல்லாதபோது 'தானம் தருவோம்' என்று எழுதியவர்கள், பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு மாறியிருக்கலாம். ஆண்டுக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு போன் செய்யுங்கள். எங்களில் பலரும் ஒரு குரல் கேட்டால் பேசிவிடுவோம்.

'அப்புறப்படுத்தல்' என்ற சொல்லையும் மாற்றுங்கள். குப்பைக்குச் சொல்லும் சொல் அது. நடப்பதை நடப்பதாகவே 'உருகவிடுதல்' என்று எழுதினால் போதும். உருகிய கருவை, தங்க வாய்ப்பில்லாத நாளில் தாயின் கருப்பையிலேயே வைத்து முடித்துத் தரும்படி சில பெண்கள் கேட்கிறார்கள். சில மையங்கள் அதைச் செய்தும் கொடுக்கின்றன. மருத்துவ ரீதியாக இதில் பயன் ஒன்றும் இல்லை என்று மற்றவர்கள் மறுத்துவிடுகிறார்கள். அந்தப் பெண்களும் மருத்துவப் பயனுக்காகக் கேட்கவில்லையே.

நாங்கள் அதைக் கேட்கப் போவதில்லை. நானும் என் கணவரும் பேசிவிட்டோம், நேற்றிரவுதான். இந்த முறை கடைசிக் கட்டத்தில் டிக் போடுகிறோம். மேசை மேல் இருக்கும் கடிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. படிவத்தில் இடமில்லாததால் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்ட்ராவை எடுத்ததும் ஒருவர் பெயரைச் சத்தமாகப் படித்து இன்னொருவர் சரிபார்ப்பீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். நான்கு முறையும் கேட்கும்படி கொஞ்சம் உரக்கப் படியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகளின் தாய்