வீட்டு இணைய டேட்டா மீட்டருக்கு அளவுச் சோதனை வேண்டி மனு

அனுப்புநர்:
கேபிள் இணையம் பயன்படுத்தும் தமிழ்க் குடும்பத்தினர்,
அட்லாண்டா வட்டாரம், ஜார்ஜியா மாநிலம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம்,
45, எல் தெரு வடகிழக்கு,
வாஷிங்டன் டி.சி. 20554.

பொருள்: டேட்டா வரம்பு தாண்டியதாகப் போடப்படும் கூடுதல் கட்டணம் – அளக்கும் மீட்டருக்குச் சோதனையும், இணைய லேபிளில் திருத்தமும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். டேட்டா வரம்பை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். ஆனால் 2025 ஜனவரி 2 அன்று ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இணைய நிறுவனங்களைப் பொதுச் சேவை போல் கட்டுப்படுத்த ஆணையத்துக்கு வழிவைத்த இணையச் சமநிலை ஆணையை ரத்து செய்துவிட்ட நிலையில், அந்த வழியில் ஆணையம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனால் இந்த மனுவில் விலையைப் பற்றிக் கேட்கவில்லை, அளவைப் பற்றித்தான் கேட்கிறோம். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி வந்த இணைய லேபிள், அதாவது திட்டத்தின் விலையையும் வேகத்தையும் வாங்கும் முன் காட்டும் விவரச் சீட்டு, ஆணையத்தின் கையில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரல் 10 முதலும், சிறியவற்றுக்கு அதே ஆண்டு அக்டோபர் 10 முதலும் அது நடைமுறையில் உள்ளது. மாதக் கட்டணத்தில் எத்தனை ஜிபி அடக்கம், அதற்கு மேல் போனால் என்ன கட்டணம் என்று அதில் இரண்டு வரிகள் உண்டு. எங்கள் குறை அந்த இரண்டு வரிகளில்தான்.

கேபிள் இணையத்தின் பழைய திட்டங்களில் பரவலாக உள்ள ஒன்றையே எடுத்துக்கொள்கிறோம்: மாதம் 1.2 டிபி (1,200 ஜிபி) வரம்பு, அதற்கு மேல் ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர், மாதத்துக்கு அதிகபட்சம் 100 டாலர். 50 ஜிபி என்பது முழுத் துண்டு. 1 ஜிபி தாண்டினாலும் 10 டாலர்தான். ஆகவே அளவில் சிறு பிசகு இருந்தாலும் அது பில்லில் வந்து நிற்கும்.

முதல் பிசகு, ஜிபி என்றால் எவ்வளவு என்பது. 100 கோடி பைட்டை 1 ஜிபி என்பது ஒரு கணக்கு. 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட் என்பது இன்னொரு கணக்கு. விண்டோஸ் கணினி காட்டுவது இரண்டாவது. நிறுவனத்தின் மீட்டர் முதல் கணக்கில் ஓடினால், வீட்டுக் கணினியில் 1,120 என்று பார்த்துவிட்டு இன்னும் 80 மீதம் என்று நினைப்பவர், மீட்டர்படி 1,202 ஜிபியைத் தாண்டியிருப்பார். 10 டாலர் போயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு படி, அவ்வளவுதான். எந்தப் படியால் அளக்கிறார்கள் என்பது லேபிளின் அந்த வரியில் இல்லை.

இரண்டாவது, மீட்டர் இருக்கும் இடம். மின்சார மீட்டர் வீட்டுச் சுவரில் இருக்கிறது, போய்ப் படிக்கலாம். டேட்டா மீட்டர் வீட்டில் இல்லை. கேபிள் நிறுவனத்தின் தலைமுனையில் (வட்டாரக் கம்பிகள் வந்து சேரும் நிலையத்தில்) உள்ள கருவி, மோடத்தின் மேக் முகவரியை (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை) வைத்துக் கணக்கெழுதுகிறது. அங்கே எண்ணப்படுவது நாம் பார்த்த படம் மட்டுமல்ல. டேட்டா சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது; ஒவ்வொரு பொட்டலத்தின் முகவரித் தலைப்பும், வழியில் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டதும் சேரும். முழு அளவுப் பொட்டலத்தில் 1,460 பைட் சரக்குக்கு ஏறக்குறைய 58 பைட் தலைப்பு, அதாவது 4 சதவீதம். 1,200 ஜிபியில் 4 சதவீதம் 48 ஜிபி. கிட்டத்தட்ட ஒரு முழுத் துண்டு. வெளியிலிருந்து எவனோ கதவு கதவாகத் தட்டிப் பார்க்கும் போக்குவரத்தை வீட்டு ரவுட்டர் உள்ளே விடாது. ஆனால் அது ரவுட்டர் வரை வந்துவிட்டதால் மீட்டரில் ஏறியிருக்கும்.

மோடம் மாற்றும்போது வரும் வம்பு தனி. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் 12 எழுத்து மேக் முகவரியில் ஒன்றைத் தவறாகப் பதிந்தால் போதும், 8-ஐ 'பி' என்று எழுதுவது போல. ஒரு வீட்டின் கணக்கு இன்னொரு வீட்டின் தலையில் விழக்கூடும். பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் கணக்கிலிருந்து நீக்காமல் விட்டால், அது யார் வீட்டில் ஓடுகிறதோ அந்தப் பயன்பாடும் நம் பேரில் சேர வழியுண்டு.

பெட்ரோல் பங்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். மாநில எடையளவு ஆய்வாளர் 5 காலன் சோதனைக் கலத்துடன் வருகிறார். தேசியத் தர நிறுவனத்தின் கையேடு 44-இன்படி, பயன்பாட்டில் உள்ள பம்பில் 6 கன அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதாவது அரை சதவீதம். டேட்டா மீட்டருக்கு அப்படி ஒரு கலமும் இல்லை, ஆய்வாளரும் இல்லை, சோதித்ததற்கான வில்லையும் இல்லை. விற்பவரே அளக்கிறார், விற்பவரே சரி என்கிறார். ஆணையத்திடம் புகார் போட்டால் 30 நாளுக்குள் நிறுவனம் பதில் தர வேண்டும் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'எங்கள் மீட்டர் சரியாக உள்ளது' என்ற ஒற்றை வரிப் பதிலுக்கு மேல் எதையும் கேட்டுப் பெற வாடிக்கையாளரிடம் ஆதாரம் கிடையாது.

வரம்பு தாண்டுகிறவர்கள் ஊதாரிகள் என்ற எண்ணம் ஒன்று உண்டு. 1.2 டிபியை 30 நாளுக்குப் பரப்பினால் சராசரி வேகம் 3.7 எம்பிபிஎஸ் (நொடிக்கு 3.7 மெகாபிட்)தான். ஆணையமே 2024-இல் அகண்ட அலைவரிசை என்றால் பதிவிறக்க வேகம் 100 எம்பிபிஎஸ் என்று வரையறுத்தது. அந்த வேகத்தில் முழுமூச்சாக ஓடினால் வரம்பு 26 மணி 40 நிமிடத்தில் தீரும். 1 ஜிபிபிஎஸ் இணைப்புக்குக் காசு கட்டியவருக்கு 2 மணி 40 நிமிடம். ஊருக்குப் பேசும் வீடியோ அழைப்பைப் பெரிய குற்றவாளியாக நினைக்கிறார்கள். இரு திசையிலும் தலா 1.5 எம்பிபிஎஸ் என்றால்கூட மணிக்கு 1.35 ஜிபிதான். உண்மையில் தின்பவை சத்தமில்லாதவை. நாள் முழுக்க 2 எம்பிபிஎஸ்ஸில் மேகக் கணினிக்கு அனுப்பும் ஒரு வாசல் கேமரா நாளுக்கு 21.6 ஜிபி, மாதம் 648 ஜிபி. இரண்டு கேமரா மாட்டினால் வீட்டில் யாரும் டிவி போடாமலே வரம்பு முடிந்தது. அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பு என்று மாற்றினால் பெரும்பகுதி அடங்கிவிடும். டிவியை அணைத்துவிட்டு ஸ்ட்ரீமிங் குச்சியை அணைக்காமல் விடுவது அடுத்தது: 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை போகும், இருண்ட திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். மணிவாரிக் கணக்கு கையில் இருந்தால் இதையெல்லாம் குடும்பமே ஒரு நாளில் கண்டுபிடித்துவிடும். இப்போது பல இடங்களில் கிடைப்பது மாதத்துக்கு ஒரே எண்.

நெரிசலைக் குறைக்கத்தான் வரம்பு என்றால், நெரிசல் மாத மொத்தத்தில் இல்லை. ஒரு தெருக் கணுவில் (தெருவின் கேபிள் இணைப்புப் புள்ளியில்) பல வீடுகள் ஒரே கம்பியைப் பங்கிடுகின்றன; மூச்சு முட்டுவது இரவு 7 முதல் 11 வரை. விடியற்காலை 3 மணிக்கு 100 ஜிபி விளையாட்டை இறக்கினால் அண்டை வீட்டுக்கு ஒரு நட்டமும் இல்லை, மீட்டருக்கு மட்டும் நெரிசல் நேரமும் விடியற்காலையும் ஒன்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது பெரிய நிறுவனங்கள் பலவும் வரம்பை நிறுத்தி வைத்தன. ஊரே வீட்டிலிருந்து வேலை பார்த்தும் வலையமைப்பு தாங்கியது. டைம் வார்னர் கேபிள் நிறுவனத்தை வாங்க 2016-இல் அனுமதி தந்தபோது, 7 ஆண்டுகளுக்கு டேட்டா வரம்பு போடக் கூடாது என்று சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனத்துக்கு இதே ஆணையம் நிபந்தனை விதித்தது. அந்த ஆண்டுகளில் அவர்கள் தொழில் படுத்துவிடவில்லை.

எனவே தங்களிடம் வேண்டுவது:

லேபிளில் ஜிபி என்பது எத்தனை பைட், தலைப்பும் மறு அனுப்பலும் சேருமா, கணக்கு எங்கே எடுக்கப்படுகிறது என்பதை எழுத வைக்க வேண்டும். விளம்பரப்படுத்தும் வேகத்தில் ஓடினால் வரம்பு எத்தனை மணி நேரத்தில் தீரும் என்பதையும் அருகிலேயே போடச் சொல்லலாம். ஒரு வரிதான் கூடும்.

கூடுதல் கட்டணம் வாங்கும் எந்த நிறுவனமும் தன் மீட்டரை ஆண்டுக்கு ஒரு முறை வெளியார் சோதனைக்கு உட்படுத்தி, பிசகு வீதத்தை வெளியிட வேண்டும். வாடிக்கையாளர் கணக்கில் மணிவாரியாக, பதிவிறக்கம் வேறு பதிவேற்றம் வேறாக, குறைந்தது 90 நாள் பதிவு இருக்க வேண்டும். எந்த மேக் முகவரியின் பேரில் என்பதும் அதில் தெரிய வேண்டும்.

புகார் நிலுவையில் இருக்கும்போது அந்தக் கூடுதல் தொகையை வசூலிக்கக் கூடாது. புகார்ப் படிவத்தோடு, வாடிக்கையாளர் தானே செய்யக்கூடிய ஒப்பீட்டு முறையையும் ஆணையம் தர வேண்டும். 7 நாள், தினமும் ஒரே நேரத்தில், ரவுட்டரின் எண்ணையும் நிறுவன மீட்டரின் எண்ணையும் குறிப்பது. மீட்டர் ஒரு நாள் பின்தங்கிக் காட்டலாம் என்பதால் எட்டாம் நாளும் ஒரு முறை பார்ப்பது. சில ரவுட்டர்களில் வேக முடுக்கி வசதி இயங்கினால் அவை குறைவாக எண்ணும்; சோதனை முடியும் வரை அதை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், மோடத்தின் மின்சாரத்தை 24 மணி நேரம் பிடுங்கி வைப்பதுதான் கடைசிச் சோதனை. அந்த 24 மணி நேரத்துப் பயன்பாடு என்று மீட்டர் எதையாவது காட்டினால் வேறு வாதமே வேண்டாம்.

கடைசியாக, டேட்டா வரம்பு பற்றி ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று தொடங்கிய விசாரணையின் முடிவை வெளியிட வேண்டும். வீட்டு இணையத்தில் இந்தக் கட்டண முறை எப்படி நடக்கிறது என்பதைக் கவனித்துவருமாறு அரசின் கணக்குப் பொறுப்பு அலுவலகம் 2014 நவம்பரிலேயே ஆணையத்துக்குப் பரிந்துரைத்திருக்கிறது.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: அட்லாண்டா
நாள்:

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள குடும்பத்தினர்

இணைப்பு: 7 நாள் ஒப்பீட்டு அட்டவணையின் வெற்றுப் படிவம் – 1