எல்லைக்குத் தெற்கே

ஹூஸ்டன், டெக்சாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். இத்தனை பெரிய படை வைத்திருக்கும் நாடு, தெற்கு எல்லையில் நடந்துவரும் ஏழைகளைக் கண்டு ஏன் அஞ்சுகிறது என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். எங்கள் பகுதியில் கூரை போடுபவர்கள், புல் வெட்டுபவர்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் பலரும் எல் சால்வடோர், ஹோண்டுராஸ், குவாத்தமாலா நாட்டவர்கள். வளைகுடாப் பணத்தில் நம் பக்கம் மாடிவீடுகள் எழும்பியதைப் போல, இவர்கள் அனுப்பும் பணத்தில்தான் அங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஹோண்டுராஸின் மொத்த உற்பத்தியில் அது ஏறத்தாழக் கால் பங்கு.

1980 முதல் 1992 வரை எல் சால்வடோரில் நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் மாண்டார்கள். அந்நாட்டு அரசுக்கு ஆயுதமும் பணமும் தந்தது அமெரிக்காதான். போருக்குத் தப்பி லாஸ் ஏஞ்சலஸில் குடியேறிய குடும்பங்களின் இளைஞர்கள், அங்கிருந்த தெருச் சண்டைகளுக்கிடையே உருவாக்கிய கும்பலே எம்.எஸ்.-13. 1990-களில் அவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பியபோது, காவல்துறையையே புதிதாக அமைத்துக்கொண்டிருந்த அச்சிறு நாட்டால் அவர்களை அடக்க இயலவில்லை. கடைக்காரரிடமும் பேருந்து ஓட்டுநரிடமும் மாமூல் பறித்த அக்கும்பலுக்கு அஞ்சி அடுத்த தலைமுறை மீண்டும் வடக்கே நடந்தது. 2014 நிதியாண்டில் பெற்றோர் துணையின்றித் தென் எல்லையில் பிடிபட்ட சிறார்கள் மட்டும் 68,000-க்கு மேல். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த அதே கும்பலை 2025-இல் அமெரிக்கா வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கும்பல்கள் மட்டுமே காரணமல்ல. 2012-ஐ ஒட்டி இம்மூன்று நாடுகளிலும் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கியதில் மலைக்கூலிகள் வேலையிழந்தார்கள். 2020 நவம்பரில் ஏட்டா, அயோட்டா என்ற இரு புயல்கள் இரு வார இடைவெளியில் வந்து ஹோண்டுராஸின் சூலா பள்ளத்தாக்கை மூழ்கடித்தன. இதற்கிடையே 2019-இல், மக்கள் வெளியேறுவதைத் தடுக்கவில்லை என்று சொல்லி, இம்மூன்று நாடுகளுக்கான உதவியை டிரம்ப் அரசு நிறுத்திவைத்தது. வெளியேறுவதைக் குறைக்கக்கூடிய வேலைகளும் அந்த உதவியில்தான் அடங்கியிருந்தன.

2022 மார்ச் முதல் எல் சால்வடோர் அதிபர் புக்கேலே நெருக்கடி நிலையை நடைமுறைப்படுத்தி, பல்லாயிரக்கணக்கானோரைச் சிறையில் அடைத்திருக்கிறார். கொலைகள் வெகுவாகக் குறைந்தது உண்மை. இங்குள்ள சால்வடோர்காரர்களில் பலர் அவரைப் புகழ்கிறார்கள். விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களின் உறவினர்கள் அவ்வளவு எளிதாகப் புகழ்வதில்லை. வேலையும் நீதியும் இல்லாமல் சிறையால் மட்டும் வந்த அமைதி நீடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாஷிங்டனிலோ, எல்லைக் காவலுக்கான நிதி எக்கட்சி ஆட்சியிலும் கிடைத்துவிடுகிறது. தெற்கே செல்லும் உதவிதான் ஆட்சி மாறும்போதெல்லாம் அறுபடுகிறது.

அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்