புல்மேனும் டிவிப் பணமும்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்தது. உன் மகளுக்குப் புல்மேனில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் இருக்கும் சியாட்டிலிலிருந்து காரில் ஐந்து மணி நேரம், அவ்வளவுதான். சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் ஊர். ஊர் மொத்தமும் உட்காரும் அளவுக்கு ஒரு ஃபுட்பால் ஸ்டேடியம். நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்.

அந்த ஸ்டேடியத்தைப் பற்றித்தான் நீயும் கேட்டிருக்கிறாய். விளையாட்டுத் துறையில் பணமில்லை என்கிறார்கள், கோச்சுக்கு மட்டும் கோடியில் சம்பளமா என்று. இரண்டும் உண்மைதான்டா. இங்கே பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதல் ஆள் கவர்னர் இல்லை, ஃபுட்பால் கோச்தான்.

எல்லாம் டிவிப் பணத்தின் வேலை. 1984 வரை கல்லூரி ஃபுட்பாலை எந்த டிவியில் காட்டுவது என்று என்.சி.ஏ.ஏ. என்ற தலைமை அமைப்பே முடிவு செய்தது. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியை உடைத்தது. அதன்பிறகு பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்த கான்ஃபரன்ஸ்களே டிவியோடு பேரம் பேசுகின்றன. வருகிற பணத்தைப் பெரும்பாலும் சம பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். அலபாமா கோப்பையாக அள்ளும், வாண்டர்பில்ட் அடி வாங்கும், அவர்களுடைய எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸின் பொதுப் பணத்தில் இருவருக்கும் பங்கு ஒன்றுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்தியில் யாருக்கு இலை போடுவது என்பதை டிவிக்காரன் முடிவு செய்கிறான்.

புல்மேன் இருந்தது பாக்-12 கான்ஃபரன்ஸில். 1915-இல் தொடங்கிய பழைய வீடு. 2022-இல் லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும் பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குத் தாவுவதாக அறிவித்தன. பிக் டென் அந்த ஆண்டே ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு ஆண்டுக்குச் சுமார் 700 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. பாக்-12 கையில் கடைசியில் மிஞ்சியது, சந்தாதாரர் சேரச் சேரப் பணம் தருகிறோம் என்ற ஆப்பிள் நிறுவனத்தின் ஒரு வாய்ப்பு மட்டும். 2023 ஆகஸ்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டார்கள். சியாட்டிலில் உள்ள எங்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் பிக் டென்னுக்குப் போனது, அதுவும் பாதிக்குப் பக்கமான பங்குக்குச் சம்மதித்து. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் குறைந்த பங்குக்குச் சேர்ந்தன. அந்தக் கான்ஃபரன்ஸுக்கே வந்த டல்லாஸின் எஸ்.எம்.யு. பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுக்கு டிவிப் பங்கே வேண்டாம், சேர்த்துக்கொண்டால் போதும் என்றது!

யாரும் கூப்பிடாமல் நின்றவை இரண்டு: ஓரிகன் ஸ்டேட், உங்கள் வாஷிங்டன் ஸ்டேட். எங்கள் பல்கலைக்கழகமும் உங்களுடையதும் மோதுகிற ஆட்டத்துக்கு ஆப்பிள் கப் என்று பெயர். 2024-இல் உங்கள் ஆட்கள் சியாட்டிலுக்கே வந்து 24-19 என்று எங்களை வீழ்த்தினார்கள். அன்று புல்மேன் பையன்கள் போட்ட ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் டிவிப் பணம் ஸ்கோரைப் பார்த்து வருவதில்லை. அந்த சீசன் முடிந்ததும் கோச் ஒரு பக்கம், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒரு பக்கம் கிளம்பிவிட்டார்கள். 2025-இல் செலவைக் குறைக்கத் தடகளத்தில் எறிதல், தாண்டுதல் இரண்டையும் நிறுத்தினார்கள், குறுந்தூர ஓட்டத்தைக் குறைத்தார்கள். ஃபுட்பால் பேரத்துக்கு ஈட்டி எறிகிற பிள்ளை விலை கொடுத்தது. இதுதான் எனக்கு ஆறவே இல்லை. 2026-இல் பாய்ஸி ஸ்டேட் போன்றவற்றைச் சேர்த்து பாக்-12ஐத் திரும்பக் கட்டுகிறார்கள், பார்ப்போம்.

சின்னக் கல்லூரிகளுக்கு இன்னொரு வருமானமும் உண்டு: பெரிய இடத்துக்குப் போய்த் தோற்றுவிட்டு வரக் கூலி. 2007-இல் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்தது. வந்தவர்கள் 34-32 என்று ஜெயித்துவிட்டு, காசோலையையும் வாங்கிக்கொண்டு போனார்கள்!

பாஸ்கெட்பால் கணக்கு வேறு. மார்ச் மாதம் நடக்கும் ஆண்கள் தேசியப் போட்டியில் ஒரு அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், இறுதி ஆட்டம் தவிர, அதன் கான்ஃபரன்ஸுக்கு ‘யூனிட்’ என்று ஒரு பணப் பங்கு சேரும். பணம் ஆறு ஆண்டுகளில் தவணையாக வரும். ஸ்போகேனில் கொன்சாகா என்று ஒரு சின்னக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், 1999 முதல் தவறாமல் அங்கே போகிறது. சம்பாதிப்பது நாங்கள், பங்கு எல்லோருக்குமா என்று 2018-இல் விலகப் பார்த்தார்கள். கான்ஃபரன்ஸ் விதியை மாற்றி அவர்களுக்குக் கூடுதலாக விட்டுக்கொடுத்தது.

ஆடுகிற பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்பாய். 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற சமரசத்துக்குப் பிறகுதான் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம் என்றானது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். அந்த வரம்பு வரை கொடுக்க புல்மேன் எங்கே போகும்? பெரிய கான்ஃபரன்ஸ்காரன் கொடுப்பான்.

அப்புறம், உன் மூட்டு வலி எப்படி? பிசியோவுக்கு ஒழுங்காகப் போ, நடுவில் விட்டுவிடாதே. தை மாதம் ஊருக்கு வரலாம் என்றிருக்கிறோம், டிக்கெட் விலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேதி முடிவானதும் எழுதுகிறேன். தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி