உளுந்து வேரில் ஓர் உலோகம்

ஆசிரியருக்கு,

யூரியா பயன்பாட்டைக் குறைப்பது குறித்த தங்கள் தலையங்கம், பயறு வகைப் பயிர்கள் தழைச்சத்தை (நைட்ரஜனை) காற்றிலிருந்து தாமே தேடிக்கொள்வதைச் சரியாகவே நினைவூட்டியது. ஆனால் அவ்வேலையைச் செய்யும் நொதிக்கு உலோகம் தேவை என்பதைச் சொல்லாமல் விட்டது. உரத் தொழிற்சாலையில் 400 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் காரியத்தை, வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் பாக்டீரியாவின் நைட்ரோஜினேஸ் நொதி, இரும்பும் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த அணுத்தொகுப்பின் துணையால் மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே முடிக்கிறது. ஆக்சிஜன் பட்டால் அந்நொதி கெட்டுவிடும் என்பதால், இரும்பு கொண்ட லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி நொதியைக் காக்கிறது. முடிச்சின் உட்புறச் சிவப்புக்குக் காரணமும் அப்புரதமே.

எங்கள் வயலில் முப்பது நாள் உளுந்துச் செடிகளைப் பிடுங்கி முடிச்சுகளை நகத்தால் கீறிப் பார்த்தபோது, யூரியா தூவாத பாத்தியில் அவை இளஞ்சிவப்பாக இருந்தன. தாராளமாகத் தூவிய பாத்தியிலோ (அது என் ஆர்வக்கோளாறு) கீறுவதற்கே சில சிறு முடிச்சுகள்தாம் கிடைத்தன. மண் பரிசோதனை முடிவுகளைத் தரும் அரசின் மண்வள அட்டையின் 12 அளவீடுகளில் இரும்பும் துத்தநாகமும் இருக்க, மாலிப்டினம் இல்லை. அமில மண்ணில் இச்சத்து வேருக்கு எட்டாமல் பிணைந்துகொள்ளும் என்பதால், பயறு பயிரிடப்படும் அமில நிலங்களிலாவது மாலிப்டினச் சோதனையைச் சேர்த்து, தேவைப்படும் இடங்களில் அமிலத்தன்மையைக் குறைக்கச் சுண்ணாம்பு இடப் பரிந்துரைக்க வேளாண்மைத் துறை முன்வர வேண்டும்.

— ஒரு விவசாயி